கட்டிலுக்கு அடியில் இருந்த வங்கி

ஹா மோசுவே,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நலேடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கார்டிஃப் ஊரில் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பீச் மரங்கள் பூத்துவிட்டன, பின்பக்கத்து மரம் மட்டும் இந்த வருஷம் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்கிறது. சாம்பல் குதிரை குட்டி போட்டிருக்கிறது, பெண் குட்டி, நெற்றியில் வெள்ளை. அம்மாவின் முழங்கால் பழைய மாதிரிதான், நீ அனுப்பிய தைலத்தை அவள் தன் காலுக்குத் தடவாமல் பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்புக்குத் தடவித் தீர்த்துக்கொண்டிருக்கிறாள், அடுத்த தடவை அனுப்பும்போது இரண்டாக அனுப்பு. போன வாரம் நீ போனில் ஊர்ச் சங்கதி கேட்டதற்கு "ஒண்ணும் விசேஷம் இல்ல, பனி கொட்டுச்சு, நின்னுடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அந்தப் பனியில்தான் வங்கி நம் வீட்டில் வந்து தங்கியது, அதன் பிறகு உன் அம்மா தலைநகர் மசேருவுக்குப் போய் விசாரணையில் சாட்சி சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு இதெல்லாம் விசேஷத்தில் சேராது. போனில் சொன்னால் பாதியில் காசு தீர்ந்துவிடும் என்பதால் நான் நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

இந்த வருஷத்திலிருந்து ஆட்டு ரோமம் வாங்குகிற சங்கம் கையில் பணம் தராது, வங்கிக் கணக்கில்தான் போடும் என்று அறிவித்துவிட்டார்கள். கணக்கு இல்லாதவர்கள் வழக்கமான வியாபாரியிடம் அவன் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நான் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்துக் கணக்கு எப்போதோ செத்துப்போனது உனக்குத் தெரியும். புதிதாக என் பேரில் ஒன்று திறந்துவிடலாம் என்று சொன்னேன். உன் அம்மா கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியை நிறுத்தாமலே, "ஆடு என்னுது, குளிர்ல மேய்க்கிறது நான், பணம் வர்றப்ப மட்டும் உங்க பேரா" என்று கேட்டாள். மாதத்துக்கு ஒருமுறை வங்கியின் வண்டி கூட்டுரோட்டில் லெபெனியா கடை முன்னால் வந்து நிற்கிறது, பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பணம் போடுவது எடுப்பது எல்லாம் செய்கிறார்கள். அங்கே போய் வரிசையில் நின்றாள். உள்ளே மொரோயேசி என்று ஒரு பெண், மசேருக்காரி, உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வீட்டு முகவரிக்கு அத்தாட்சியாகக் கரண்ட் பில் வேண்டும் என்றாளாம். ஊரிலே கம்பமே இல்லை என்று இவள் சொல்ல, அப்படியானால் தண்ணீர் பில் இருக்கிறதா என்று அவள் கேட்க, "ஊத்து எனக்குப் பில்லு அனுப்பினதில்ல தாயி" என்றாளாம் இவள். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஊர்த் தலைவியம்மாவிடம் முத்திரை போட்ட கடிதம் வாங்கிக்கொண்டு போனாள். போன வருஷம் வரைக்கும் அது செல்லும், இப்போது தலைமை அலுவலகம் விதியை மாற்றிவிட்டது என்று மொரோயேசி சொல்லியிருக்கிறாள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு பேங்குக்குத் தெரியணும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாளாம். உன் அம்மா திரும்பி மேட்டுப் பக்கம் கையை நீட்டி, "அதோ, புகை வருதே, அந்த வீடு" என்று காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டர் கைநீட்டுறதை எல்லாம் எடுத்துக்காது" என்றாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மா இரண்டு கம்பளிகளைத் துவைத்துப் போட்டாள், அவை அழுக்காகவே இல்லை.

ஜூலைக் கடைசியில் பனி வந்தது. வங்கி வண்டி அன்று கூட்டுரோட்டில் வேலையை ஆரம்பிக்காமலே, வானத்தைப் பார்த்துப் பயந்து கணவாயைத் தாண்டித் திரும்பிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறது. பாதி ஏற்றத்தில் பின்வாங்கி, நம் கீழ் வயலுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் சரிந்து நின்றுவிட்டது. வண்டியிலிருந்து மூன்று பேர் மேட்டில் ஏறி வந்தார்கள், ஓட்டுநர், பாகோவே என்கிற துப்பாக்கிக் காவலர், பட்டணத்துச் செருப்போடு மொரோயேசி. கண்ணில் பட்ட முதல் வீடு நம்முடையது. உன் அம்மா அவள் கால்களைத் துடைத்து வறட்டி நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து, என்னுடைய நல்ல கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள், என்னைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது யார் வீடு என்று உள்ளே வந்ததுமே தெரிந்துவிட்டது, அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. உன் அம்மாவும் பழைய பேச்சை எடுக்கவில்லை. களிக்கு உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள். பணப் பெட்டியை வண்டியில் விட்டுவிட்டுத் தூங்க மாட்டேன் என்று பாகோவே அடம்பிடித்ததால் அதையும் தூக்கி வந்து நம் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அத்தனை நாளும் நான் வங்கியின் மேல்தான் படுத்திருந்தேன். மேல்வீட்டு மொகெலே பனியை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, "என்ன ரானலேடி, ராத்திரி படுத்து எழுந்தா வட்டி ஏறுதா, முதுகு வலி ஏறுதா" என்று கேட்டுவிட்டுப் போனான். இரண்டும் ஏறவில்லை என்று சொன்னேன்.

பனி நிற்கவில்லை. மலை மேலிருந்த போன் கோபுரம் முதல் நாளே ஊமையாகிவிட்டது, மொரோயேசியின் கம்ப்யூட்டர் எதோடும் பேசவில்லை, பிறகு அதன் உயிரும் போய்விட்டது. ஊரில் பல வீடுகளில் மாவும் மண்ணெண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்தன. லெபெனியா கடையில் மூட்டை மூட்டையாக இருந்தது, ஆனால் அவன் காசில்லாமல் தர மாட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது, போன பஞ்சத்தில் கடன் கொடுத்துக் கொடுத்துக் கடையையே மூடும் நிலைக்கு வந்தவன். எல்லோரும் அன்று வங்கி வண்டி வரும், பணம் எடுக்கலாம் என்று இருந்தவர்கள். வண்டி வந்துவிட்டது, ஆனால் பள்ளத்தில் கிடக்கிறது. ஆகவே கம்பளியைச் சுற்றிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மொகெலேதான் எல்லோருக்காகவும் பேசினான். "எங்க பணம் உங்க பெட்டியில இருக்கு. பெட்டி இந்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழ இருக்கு. நாங்க கட்டிலுக்குப் பத்தடி தள்ளி நிக்கிறோம். நடுவுல என்ன இருக்குன்னு சொல்லு தாயி" என்று கேட்டான். கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் ஒரு லோட்டிக் காசு கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேலை போய்விடும் என்று மொரோயேசி சொன்னாள். பாகோவே துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தார். உன் அம்மா அவருக்கும் வாசலில் நின்றவர்களுக்கும் நடுவில் புளித்த கஞ்சிப் பானையைக் கொண்டுபோய் வைத்து, "குடிச்சிட்டுச் சண்டை போடுங்க" என்றாள். குடித்துவிட்டு யாரும் சண்டை போடவில்லை, திட்டிக்கொண்டே போனார்கள். கூட்டத்தின் பின்னால் அந்த நாலு பிள்ளைக்காரி மாசென்ட்லே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் திட்டவும் இல்லை, கஞ்சியும் குடிக்கவில்லை, தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனாள். அதை மொரோயேசியும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மொரோயேசி முகம் கழுவிவிட்டு வந்து, பெட்டியை வெளியே எடுக்கலாம் என்றாள். ஏன் மனது மாறியது என்று எனக்குத் தெரியாது, உன் அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டதற்கு இல்லை என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். பாகோவே, "நான் இதைப் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டுதான் நின்றார். நம் சாப்பாட்டு மேஜை கல்லாவாயிற்று. மொரோயேசி அதன் பின்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒரு முக்காலியில் உன் அம்மா. போன மாதம் அச்செடுத்த கணக்கு விவரம் அவளிடம் இருந்தது, வந்தவர் அவர்தானா என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அதற்குத்தான் உன் அம்மா. ஓய்வூதியக்கார மோலாபோவின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து மொரோயேசி சந்தேகப்பட்டபோது, "மூக்கு அதேதான் தாயி, மத்ததெல்லாம் அப்புறம் கெட்டுப்போனது" என்றாள். பள்ளி ஆசிரியருக்குக் கொடுக்கும்போது, "இவரு கேட்கிறதுல பாதி குடு, மீதி குடிச்சிடுவாரு" என்றாள், ஆனால் அவர் பணம் அவருடையது என்று மொரோயேசி முழுவதும் கொடுத்துவிட்டாள், அன்று சாயங்காலமே அவர் குடித்துவிட்டார். கடைசியில் மாசென்ட்லே வந்தாள். அவள் கையில் இருந்தது புருஷனுடைய வங்கி அட்டை. அவன், மொட்லாட்சி, எல்லைக்கு அப்பால் வெல்கோம் சுரங்கத்தில் இருக்கிறான், சம்பளத்தில் ஒரு பங்கு இங்கே அவன் கணக்கில் விழுகிறது, அவன் வரும்போது எடுத்துக் கொடுப்பான், வராத மாதங்களில் அவள் எப்படியோ சமாளிக்கிறாள். மொரோயேசி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இவங்க கணக்கு இல்லையே" என்று உன் அம்மாவிடம் கேட்டாள். உன் அம்மா, "இல்ல. கணக்கு அவன் பேர்லதான். பிள்ளைங்க நாலும் அவன் பேர்லதான் இருக்கு. மாவு தீர்ந்தது மட்டும் இவ வீட்டுல" என்றாள். அந்தப் பெண் அட்டையை மேஜை மேல் வைத்தாள். பிறகு ஒரு மூட்டை மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகிற அளவு மட்டும் கொடுத்து, கணக்குக்காரரின் மனைவிக்கு அவர் அனுமதி கேட்காமல் தரப்பட்டது என்று அப்படியே எழுதி வைத்தாள். வேறு மாதிரி எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

பனி விட்டு, அரசாங்கத்து மண்வாரி இயந்திரம் வந்து சாலையைத் திறந்ததும் அவர்கள் போனார்கள். போகும்போது மொரோயேசி உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கணக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை. என் கம்பளியை மடித்து வைத்துவிட்டுப் போனாள், வாசனைச் சோப்பு மணம் இன்னும் போகவில்லை. அடுத்த மாதம் வண்டியில் வேறு ஆள் இருந்தான். பாகோவே கடையில் ரொட்டி வாங்க இறங்கியபோது விஷயத்தைச் சொன்னார். எல்லோருக்கும் கொடுத்தது சரியாக இருந்ததாம், ஆனால் பணம் எடுத்த செய்தி மொட்லாட்சியின் போனுக்குப் போக, அவன் தன் கணக்கில் யார் கை வைத்தது என்று வங்கிக்குப் புகார் கொடுத்துவிட்டான். மொரோயேசியை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் அம்மா கேட்டுவிட்டு நேரே வந்து பையில் துணியை வைத்தாள். "உன்னை யாரு கூப்பிட்டா" என்று கேட்டேன். "குடுக்கச் சொன்ன மாதிரி பேசினது நான். குடுத்தவ அங்க நிக்கிறா. சொன்னவ இங்க கீரை நறுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்" என்றாள். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் என் காலுக்கு அடியில் யாரோ ஒருவருடைய கோழி இருந்தது, மசேரு வரைக்கும் அது வாய் திறக்கவில்லை, உன் அம்மாவும் திறக்கவில்லை.

வங்கியில் பெரிய அறை, நீள மேஜை, மூன்று பேர். எங்களையும் மொரோயேசியையும் சுவரோரம் உட்கார வைத்தார்கள். மொட்லாட்சியும் வந்திருந்தான், புதுக் கோட்டு, எங்களைப் பார்த்ததும் கூரையைப் பார்த்தான். நடுவில் இருந்த மேலாளர் உன் அம்மாவைப் பார்த்து, நீங்கள் எங்கள் வாடிக்கையாளரா என்று கேட்டார். "இல்லைங்க. கேட்டேன். எங்க வீடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியலேன்னுட்டாங்க" என்றாள். ஓரத்தில் இருந்த அதிகாரி அம்மாள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். மேலாளர் நல்ல மனிதர்தான், அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் அவருக்கும் விருப்பம் என்று எனக்குப் பட்டது. அவர் மெதுவாக, "மாசென்ட்லேவுக்கு அவ புருஷன் அனுமதி இருக்குன்னு நீங்க நினைச்சிருப்பீங்க, அப்படித்தான் இந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லியிருப்பீங்க, இல்லையாம்மா" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி நம் பக்கம் வந்து விழும், நம்மை வங்கியால் என்ன செய்துவிட முடியும். மொரோயேசியின் வேலை தப்பும். எனக்கே வாய் துடித்தது. உன் அம்மா, "இல்லைங்க. அனுமதி கிடையாது. கேட்கப் போனும் கிடையாது. அது எனக்கும் தெரியும், இந்தப் பொண்ணுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன், தெரிஞ்சேதான் குடுத்துச்சு. நான் இப்ப வேற மாதிரி சொன்னா, இது அன்னைக்குப் பொய் எழுதாம விட்டது வீணாப்போயிடும்" என்றாள். எனக்கு அந்தச் சமயத்தில் அவள் மேல் கோபம்தான் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

வெளியே நடைக்கூடத்தில் காத்திருந்தபோது மொட்லாட்சி தண்ணீர்க் குழாய்க்கு வந்தான். உன் அம்மா அவனைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்த மாவை உன் பிள்ளைங்கதான் சாப்பிட்டுச்சு. வேற யாராவது சாப்பிட்டிருந்தா சொல்லு, நானே போய் வாங்கித் தர்றேன்" என்றாள். அவன், "ஊர்ல எல்லாரும் என்னைப் பத்தி என்ன பேசுறாங்க அம்மா" என்று கேட்டான். "பேச நேரமில்லப்பா, பனி அள்ளிட்டு இருந்தோம்" என்றாள். அவன் உள்ளே போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். புகாரைத் திரும்பப் பெறலாம், மீறிய விதியைத் திரும்பப் பெற முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். முடிவு அன்று மாலையே வந்தது. மொரோயேசிக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, மலை வண்டியில் இனி போகக் கூடாது, மசேரு கிளையில் கல்லாவில் உட்கார வேண்டும். வேலை இருக்கிறது. வண்டிக்கும் ஒரு தண்டனை உண்டு, இனிமேல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது இந்தப் பக்கம் வராது. ஊரில் சிலர் இதற்கு உன் அம்மாவைத்தான் குறை சொல்கிறார்கள், மொகெலே ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னான். அவள் மறுக்கவில்லை. தலைவியம்மாவின் கடிதம் மறு உத்தரவு வரும் வரைக்கும் செல்லும் என்று மட்டும் தளர்த்தியிருக்கிறார்கள். இந்த மாதம் வண்டி வந்தபோது மாசென்ட்லே தன் பேரில் கணக்குக் கேட்டு வரிசையில் நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள். மொட்லாட்சிக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மாவின் கணக்கு மறுநாள் காலையில் மசேருவிலேயே ஆரம்பமானது, பஸ் ஏறும் முன்னால். மொரோயேசி தன் கல்லாவிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டு, பையில் இருந்த தலைவியம்மாவின் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். முகவரி என்கிற இடத்தில், கணவாய்க்கு இந்தப் பக்கம், லெபெனியா கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற வட்ட வீடு என்று எழுதினாள், யார் சரிபார்த்தது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உன் அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். சீட்டு கிழித்துக் கொடுத்ததும் அதை வாங்கிக்கொண்டு நகராமல், "இப்ப அதைத் திருப்பிக் குடு" என்றாள். ஏதாவது தப்பாகிவிட்டதா என்று அந்தப் பெண் பயந்துவிட்டாள். "தப்பு ஒண்ணுமில்ல. கேட்டா வருதான்னு பார்க்கணும்" என்றாள் இவள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மொரோயேசி எடுத்துக் கொடுத்தாள். உன் அம்மா எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டாள். அட்டையும் கொடுத்தார்கள், அதற்கு நான்கு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் உண்டு, அதைத் தானே யோசித்து அழுத்திக்கொள்ள வேண்டுமாம், புருஷன் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது என்று மொரோயேசி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ்ஸில் வரும்போது கேட்டுப் பார்த்தேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "பேங்க்ல சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லாத விஷயம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியாது. அந்த எண் நீ பிறந்த வருஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மறுபடி நான் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, அங்கே நீ போடுகிற கம்பளிச் சட்டை போதாது என்றால் தயங்காமல் இன்னொன்று வாங்கு. தைலம் இரண்டு, மறக்காதே. இதையெல்லாம் நான் எழுதியதாக உன் அம்மாவிடம் போனில் சொல்லிவிடாதே, அவளாகச் சொன்னால் புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொள். நீ போகும் வழியிலெல்லாம் நம் முன்னோர்கள் கூடவே நடக்கட்டும், உன் கை தொட்டவர்கள் எல்லாம் எழுந்து உட்காரட்டும்.

உன் அப்பா,
ரானலேடி